பெரட்டில் கேட்ட ஆங்கிலம்



அறுபது கடந்த பிறகு எங்களில் சிலர் வாட்ஸ்அப்பில் ஆங்கிலம் படிக்கிறோம். பேத்திமார் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

ஆங்கிலம் நமக்குப் புதிதல்ல. 'பரேட்' என்பதைப் பெரட்டு ஆக்கியவர்கள் நாம். செக்ரோல், கிளாக்கர், டிஸ்பென்சரி எல்லாம் உடப்புசல்லாவைத் தோட்டத்துப் பிள்ளைக்கு வீட்டுச் சொல். ஆனால் அந்த ஆங்கிலத்தைக் கேட்டு நடந்தோமே தவிர, அதில் ஒரு கேள்வி கேட்டதில்லை.

1977இல் அரசு பொறுப்பேற்கத் தொடங்கும்வரை பெரும்பாலான தோட்டப் பாடசாலைகளில் படிப்பு ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. எங்களோடு அங்கே படித்த பலர் இந்தப் பாடசாலை வாசலைக் காணாமலே கொழுந்துக்குப் போனார்கள். அவர்களையும் குழுவில் சேர்த்திருக்கிறோம். சங்க விதியில் அதற்கு இடமுண்டா என்று யாரையும் கேட்கவில்லை.

இரவுச் சமையல் முடிந்ததும் யூடியூபில் பிபிசியின் 'சிக்ஸ் மினிட் இங்கிலிஷ்'. ஆறு நிமிடந்தான், நிறுத்தி நிறுத்திக் கேட்டால் அரைமணி. பிறகு ஆளுக்கொரு வாக்கியம், குரல் பதிவாக. எழுத்துக்கூட்ட வராதவருக்கும் அது போதும். கிளினிக்கில் டொக்டரிடம், "எத்தனை நாளைக்கு இந்த மருந்து?" என்று இப்போது ஆங்கிலத்தில் நாங்களே கேட்கிறோம், கொழும்பிலிருந்து மகன் வரும்வரை காத்திருப்பதில்லை.

சேர விரும்புவோர் தேநீர் வேளையில் நம்பரைத் தாருங்கள். பேத்தியைக் கூப்பிட வேண்டாம். குழுவில் சேர்க்க எங்களுக்கே தெரியும்.