கடல் கடந்து சென்ற வேலை



ஒரு நாட்டின் பொருள் மற்றொரு நாட்டுக்குச் செல்வதை நாம் கண்ணால் காணலாம். துறைமுகத்தில் மூட்டைகள் ஏறுகின்றன, சுங்க அதிகாரி கணக்கெடுக்கிறார், கப்பல் புறப்படுகிறது. ஆனால் மனிதர் செய்துவந்த வேலையே கடல் கடந்து சென்றுவிட்டால், அதை எந்தத் துறைமுகமும் காண்பதில்லை. அமெரிக்க நிறுவனங்கள் பல, தங்கள் கணினிப் பணிகளை அயல்நாட்டாரிடம் ஒப்படைத்தன. அவுட்சோர்சிங் என்று எல்லாரும் வழங்கும் இம்முறையால் அந்நாட்டு நிரலாளர்களுக்கு நேர்ந்தது என்ன என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். தமிழ்நாட்டு மாணவர்கள் இத்தொழிலை அது வருவாய் தரும் பக்கத்திலிருந்து அறிவார்கள். அதன் மறுபக்கத்தையும் அறிந்துகொள்வது கடமை என்று கருதுகிறேன்.

இது எவ்வாறு இயல்வதாயிற்று என்பதை முதலில் பார்ப்போம். கணினிக்கு நாம் இடும் கட்டளைகளின் தொடரே நிரல். அது எழுத்தால் ஆனது. அதற்கு எடை இல்லை. ஆகவே செய்தி செல்லும் வழியில் அதுவும் செல்லும். 1991ஆம் ஆண்டில் இந்திய அரசு மென்பொருள் தொழில்நுட்பப் பூங்காக்கள் என்னும் அமைப்பை நிறுவி, ஏற்றுமதியாளர்களுக்குச் செயற்கைக்கோள் இணைப்பு கிடைக்க வழி செய்தது. அடுத்து 2000ஆம் ஆண்டுச் சிக்கல் வந்தது. பழைய நிரல்களில் ஆண்டைக் குறிக்க இரண்டு இலக்கங்களையே எழுதியிருந்தார்கள். 1900க்கும் 2000க்கும் வேறுபாடு தெரியாமற்போகும் என்ற அச்சத்தால், கோபால் முதலிய மொழிகளில் இருந்த எண்ணற்ற வரிகளைத் திருத்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். அத்திருத்தப் பணியில் ஒரு பங்கு நம் நாட்டவர்க்கும் கிடைத்தது. நியூயார்க்கில் பொழுது சாயும்போது சென்னையில் பொழுது விடிகிறது. அங்கே இரவில் நிறுத்திய வேலையை இங்கே காலையில் தொடரலாம். ஊதியமோ அங்குள்ளதில் ஒரு சிறு பகுதி. ஒருமுறை இவ்வழியைக் கண்ட முதலாளிகள் பின்னர் அதை விடவில்லை.

2003ஆம் ஆண்டில் நானும் இவ்வழியே சென்றவன். சென்னையிலிருந்து வடஅமெரிக்க நகரம் ஒன்றில் இருந்த காப்பீட்டு நிறுவனத்துக்கு மூன்று மாதங்கள் அனுப்பப்பட்டேன். அங்கே இருபத்திரண்டு ஆண்டுகள் பணிபுரிந்த ஒருவரிடம் அவருடைய வேலையைக் கற்றுக்கொண்டு வருவதே எனக்கு இட்ட பணி. முழுமையாகக் கற்பித்தால்தான் பிரிவுத்தொகை கிடைக்கும் என்பது அவருக்கு விதித்த நிபந்தனை. அவருக்கு வயது ஐம்பத்தைந்து. என்மீது அவர் சினம் காட்டியதில்லை. நாள்தோறும் என்னருகே அமர்ந்து, தம் இடத்தை எடுத்துக்கொள்ள வந்தவனுக்கு ஒவ்வொரு வரியாக விளக்கினார். நான் குறிப்பெடுத்தேன், அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குக் கூச்சமாயிருந்தது.

ஒருநாள் ஒரு வரியில் என் கண் நின்றது. ஒரு குறிப்பிட்ட வட்டாரத்தாருக்கு மட்டும் ஏப்ரல் மாதத்தில் தாமதக் கட்டணம் இல்லை என்றது அவ்வரி. காரணம் கேட்டேன். முன்னொரு வசந்த காலத்தில் அங்கே வெள்ளம் புகுந்ததையும், இனி அம்மாதத்தில் கட்டணம் கேட்பதில்லை என்று நிறுவனம் அம்மக்களுக்கு வாய்மொழியாக வாக்களித்ததையும் சொன்னார். நான் விதியை எழுதிக்கொண்டேன், காரணத்தை எழுதவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்துச் சென்னையில் எங்கள் குழுவினர் ஒருவர், பொருளற்ற வரி என எண்ணி அதை நீக்கிவிட்டார். முறையீடுகள் குவிந்தன. அவரைத் தேடினோம், அவர் எங்கிருக்கிறார் என்று சொல்ல அந்நிறுவனத்தில் எவரும் இல்லை.

பொருளியல் அறிஞர்கள் இதற்கு வேறு கணக்குச் சொல்வார்கள். 1817இல் டேவிட் ரிக்கார்டோ, இங்கிலாந்தின் துணியையும் போர்ச்சுகலின் மதுவையும் எடுத்துக்காட்டி, ஒவ்வொரு நாடும் தனக்கு ஒப்பளவில் எளிதானதைச் செய்து மாற்றிக்கொண்டால் இரண்டுக்கும் ஊதியமே என்று நிறுவினார். 2004இல் அமெரிக்க அதிபரின் பொருளாதார ஆலோசகர் குழுத் தலைவராயிருந்த கிரிகோரி மான்கியூ, வேலைகளை வெளிநாட்டுக்கு அனுப்புவதும் பன்னாட்டு வாணிகத்தின் புதிய வகையே, நாளடைவில் அது நன்மை தரும் என்ற கருத்தைக் கூறினார். இரு கட்சியினரும் அவரைக் கண்டித்தார்கள். அவர் கணக்குத் தவறு என்று நான் சொல்ல வரவில்லை. காப்பீட்டுச் செலவு குறைந்தால் பல்லாயிரம் பேருக்குச் சில காசுகள் மிச்சமாகலாம். ஆனால் இழப்போ அவ்வாறு பலர்மீது பரவுவதில்லை; ஒரு குடும்பத்தின்மீது முழுமையாக விழுகிறது. ரிக்கார்டோவின் நெசவாளன் மது வடிக்கக் கற்கும்வரை அவனுக்குச் சோறிடுவது யார்?

இக்கேள்வியை அமெரிக்க அரசு முன்பே எண்ணிப்பார்த்தது. அயல்நாட்டுப் பொருள்களின் வரவால் வேலை இழந்தோர்க்கு உதவித்தொகையும் மறுபயிற்சியும் அளிக்க 1962ஆம் ஆண்டில் ஒரு திட்டம் வகுத்தது. வேலையிழந்த நிரலாளர்களும் அவ்வுதவியை வேண்டி மனுச் செய்தார்கள். தொழிலாளர் துறை பலருக்கு மறுத்தது. நிரல் கையால் தொடக்கூடிய பொருள் அன்று. ஆதலால் எப்பொருளும் இறக்குமதியாகவில்லை என்றது துறை. வழக்குகள் எழுந்தன. 2006இல் துறை தன் விளக்கத்தை மாற்றிக்கொண்டது; 2009இல் சட்டமே சேவைத் தொழிலாளர்களுக்கும் விரிந்தது. அதற்குள் பல ஆண்டுகள் ஓடிவிட்டன. 2022 ஜூலை 1 அன்று அத்திட்டம் காலாவதியாகிப் புதிய மனுக்களை ஏற்பதும் நின்றது.

மாணவர்களே, இக்கதை நமக்கு அயலாரின் கதை அன்று. இன்று நிரலின் பல பகுதிகளைக் கணினியே எழுதத் தொடங்கியிருக்கிறது. விதியாக எழுதிவைக்கக்கூடிய வேலை எதுவோ, அதுவே முதலில் இடம் பெயர்கிறது. அன்று அந்த முதியவர் இருந்த நாற்காலியில் நாம் அமரும் நாள் வரலாம். ஆகவே நிரலின் வரியோடு நில்லாமல், அந்த வரி யாருக்காக எழுதப்பட்டது என்பதையும் கேட்டறியுங்கள். அவ்வறிவும் உங்களை முற்றும் காத்துவிடும் என்று நான் உறுதி கூறேன். அந்த முதியவரிடம் அது நிறைய இருந்தது. அதனால்தான் இன்னொன்றும் வேண்டுகிறேன். பலர் பெறும் ஊதியத்திலிருந்து, இழந்த சிலருக்கு ஒரு பங்கைக் காலத்தில் கொடுக்கும் சட்டம் நம் நாட்டிலும் வேண்டும். நாளை சட்டம் செய்யும் இடத்தில் உங்களுள் சிலர் இருப்பீர்கள். வேலை போனபின் விளக்கம் தேடாமல், போவதற்கு முன்பே அதைச் செய்யுங்கள்.