கைதூக்கும் கடனும் கழுத்தை நெரிக்கும் கடனும்

(கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



ஏழைக்குப் பிச்சையிடுவது எளிது. அவனை நம்பிக் கடன் கொடுப்பதோ அரிது. அவ்வரிய செயலை ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே செய்து காட்டினார் ஒருவர். அயர்லாந்தின் டப்ளின் நகரிலே பேராலயத் தலைமைக் குருவாக விளங்கிய எழுத்தாளர் ஜொனதன் சுவிப்ட் என்பாரே அவர். தமது சொந்தப் பணத்தில் 500 பவுணை ஒதுக்கி, வறிய கைத்தொழிலாளருக்கு ஐந்தும் பத்துமாகக் கடன் வழங்கினார். வட்டியில்லை. கடன் பெறுவோனை அறிந்த அயலவர் பிணை நிற்க வேண்டும். வாரந்தோறும் சிறு தவணையாகப் பணம் திரும்ப வேண்டும். இவையே நிபந்தனைகள்.

அவ்வித்து மரமாயிற்று. இத்தகைய நிதியங்கள் வட்டி பெறவும் வைப்புப் பணம் ஏற்கவும் 1823ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. 1836ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றைக் கண்காணிக்க ஒரு சபையை ஏற்படுத்தியது. 1840களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 300 நிதியங்கள் அந்நாட்டில் இயங்கின. ஈகையோடு சட்டமும் சேர்ந்து நின்றதை இங்கே கவனியுங்கள்.

இனி, நமது வடக்கு கிழக்கைப் பாருங்கள். 2009இல் போர் ஓய்ந்தபின் நுண்கடன் கம்பனிகள் ஊர்தோறும் புகுந்தன. பெண்களைக் குழுவாக்கி, ஒருவருக்கொருவர் பிணையாக்கி, வாரத் தவணை விதித்தன. வெளித்தோற்றத்தில் இதுவும் டப்ளின் முறையே! ஆனால் அங்கே கொடுத்தவர் இலாபம் தேடவில்லை. இங்கே இலாபமே நோக்கம். அங்கே கைத்தொழிலாளி செய்த பொருளை விற்று அவ்வப்போது காசு கண்டான்; இங்கே வெங்காயம் நட்ட பெண்ணுக்கு அறுவடைக்கு முன் வாரக்காசு எங்கிருந்து வரும்? ஒரு கடனை அடைக்க மறு கடன் வாங்கினாள். 2018இல் வறட்சியுற்ற 12 மாவட்டங்களிலே பெண்களின் சிறு நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசு முன்வரவேண்டியதாயிற்று. அவ்வாண்டின் இறுதியில் மத்திய வங்கி நுண்கடன் வட்டிக்கு ஆண்டுக்கு 35 வீதம் என்று உச்சவரம்பு விதித்தது. உச்சவரம்பே 35 எனில், அதற்கு முன்னிருந்த நிலையை நீங்களே எண்ணிப் பாருங்கள்!

ஆகவே நான் வேண்டுவது இது. ஊருக்கோர் அறநிதியம் அமைப்போம். கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கான சட்டம் 1911இலேயே இந்நாட்டில் பிறந்தது; வழி நமக்குப் புதிதன்று. முதற்பணம் நன்கொடையாக இருக்கட்டும். வட்டி நிருவாகச் செலவுக்கும் வாராக்கடனுக்கும் வேண்டிய அளவுக்கு மேற்படாதிருக்கட்டும். தோசை சுட்டு விற்பவள் வாரந்தோறும் செலுத்தட்டும். கமக்காரன் போகம் முடிந்து செலுத்தட்டும். மழை பொய்த்தால் தவணை நீளட்டும். பிணை நிற்பவர் மனமுவந்து நிற்கட்டும். ஆண்டுக் கணக்கு ஊர்ச் சபையிலே பகிரங்கமாக வாசிக்கப்படட்டும்.

வைத்தியர்களே, ஆசிரியர்களே, என்னோடொத்த சட்டத்தரணிகளே! நீங்கள் கொடுக்கும் பணம் உங்களிடம் திரும்பாது. ஆனால் ஒரு குடிலிலிருந்து மறு குடிலுக்குச் சென்றுகொண்டேயிருக்கும். கமக்கார அன்பர்களே! வாங்கிய கடனை நீங்கள் திருப்பிக் கொடுக்கும்போது, அடுத்த வீட்டாரின் விதைநெல்லைக் கொடுக்கிறீர்கள் என்று நினையுங்கள்.