நம் கணக்கு நம் கையில் இருக்கட்டும்



நாங்கள் மூவரும் இந்த லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். இன்று கொழும்பில் மென்பொருள் எழுதுகிறோம். "அது என்னப்பா வேலை?" என்று நேற்றும் ஒரு பெரியம்மா கேட்டார். கணினி என்ன செய்ய வேண்டும் என்பதை வரி வரியாக எழுதிக் கொடுப்பதுதான் அந்த வேலை. எழுதியதை மட்டும்தான் அது செய்யும்.

நாங்கள் படித்த காலத்தில் பாடசாலையின் கணினி அறை பெரும்பாலும் பூட்டியே கிடந்தது. உயர்தரம் முடித்து, கடைகளில் வேலை செய்துகொண்டே கணினி படித்தோம். கட்டணத்துக்கு அம்மாமார் சீட்டு எடுத்தார்கள்.

பகலில் நாங்கள் எழுதுவது வெளிநாட்டுக் களஞ்சியங்களின் கணக்கு. அங்கே ஒரு பெட்டி குறைந்தாலும் உடனே தெரிந்துவிடும். வீட்டுக்கு வந்தால், "இந்த மாசம் ரெண்டு பேரு குறையுது தம்பி" என்பார் அம்மா. எந்த நாள் என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது. அந்த வெட்கத்தில்தான் எங்கள் இரவு வேலை தொடங்கியது. சம்பளம் இல்லாமல், எங்களுக்காக நாங்கள் எழுதும் வேலை அது.

முதலில் எழுதிய செயலி உதவவில்லை. எழுத்து சிறியது; மலையில் சிக்னல் இல்லாவிட்டால் அசையாது. அம்மா இரண்டே நாளில் அதைக் கைவிட்டார். மறுபடி எழுதினோம். இப்போது பெரிய எழுத்தில் இரண்டே கேள்விகள்: இன்று முழுப் பேரா, அரைப் பேரா? எத்தனை கிலோ? சிக்னல் தேவையில்லை. கணக்கு அவரவர் தொலைபேசியிலேயே இருக்கும். வேறு எங்கும் போகாது.

மாத முடிவில் செயலி சட்டக் கணக்கையும் காட்டும். 2024 செப்டெம்பர் வர்த்தமானியின்படி நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. அந்தக் கணக்கில் 20 நாளுக்கு 27,000. ஊழியர் சேமலாப நிதிக்கு நம்மிடம் பிடிப்பது 8 வீதம், 2,160 ரூபாய். நிர்வாகம் போட வேண்டியது 12 வீதம், 3,240 ரூபாய். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நிர்வாகம் தர வேண்டியது 3 வீதம், 810 ரூபாய்.

ஒரு மாதம் சம்பளச் சிட்டையில் இரண்டு முழுப் பேர் அரைப் பேராக இருந்தன. நாளும் கிலோவும் கையில் இருந்ததால் தலைவர் போய்ப் பேசினார். அடுத்த மாதம் சரிசெய்தார்கள். இன்னொரு மாதம் பிழை நம் பக்கம். அம்மா ஒரே நாளை இரண்டு தடவை பதிந்திருந்தார். அதையும் ஒப்புக்கொண்டோம்.

தோழர்களே, 1991இல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் பொழுதுபோக்காக ஒரு மென்பொருள் எழுதத் தொடங்கினார். அதுதான் லினக்ஸ். நம் கையிலுள்ள அன்ட்ரொயிட் தொலைபேசிகளின் அடித்தளம் அதுவே. அதன் வரிகளை யாரும் திறந்து வாசிக்கலாம், பிழை கண்டால் சொல்லலாம்.

இதை ஏன் சொல்கிறோம்? நாளை கொழுந்து மடுவத்துக்கு டிஜிட்டல் தராசு வரலாம், செக்ரோல் கணினிக்குப் போகலாம். வரட்டும், நாங்கள் எதிர்க்கவில்லை. ஆனால் "மெஷின் சொல்லுது" என்றால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். ஈரத்துக்கும் சாக்குக்கும் இத்தனை கிலோ கழி என்பது மென்பொருளில் ஒரே ஒரு வரி. அந்த வரியை ஒரு மனிதர்தான் எழுதுகிறார். இன்னொரு மனிதர்தான் எழுதச் சொல்கிறார். ஒரு நாளைக்கு 2 கிலோ கழித்தால் 20 நாளில் 40 கிலோ. அந்த வரியைக் காட்டுங்கள் என்று சங்கம் கேட்க வேண்டும். அதை வாசித்துச் சொல்ல நாங்கள் இருக்கிறோம்.

செயலி தனியாகச் சம்பளம் வாங்கித் தராது. அது சாட்சி மட்டுமே. சாட்சியோடு போய்ப் பேசுவதற்குச் சங்கம் வேண்டும். தொலைபேசி இல்லாதவர்கள் ஒரு கொப்பியில் எழுதுங்கள். இன்றைய பேரை இன்றைக்கே எழுதுங்கள்.