வீடு திரும்பிய பின்னும்



இலக்கியம் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். இலக்கியத்தில்தான் தொடங்குகிறேன், ஆனால் முடிவதற்குள் முண்டியம்பாக்கம் மருத்துவமனை வரை போய்வர வேண்டியிருக்கும்.

பிள்ளைத்தமிழின் பருவங்களை அறிவீர்கள். ஐந்தாம் திங்களில் செங்கீரை: ஒரு காலை மடக்கி, மறுகாலை நீட்டி, இரு கைகளையும் ஊன்றித் தலைநிமிர்ந்து அசைதல். ஒன்பதாம் திங்களில் சப்பாணி, அதாவது கைகொட்டுதல். ஓராண்டு நிறைந்தபின் வருகை, தளர்நடை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் இதனை வகுப்பில் சொல்லிக்கொடுத்தேன். குழந்தையின் வளர்ச்சியை அளக்கும் கோலும் இதுவே என்பது என் பேரன் பிறந்த பிறகே எனக்கு விளங்கிற்று.

என் மகளுக்கு 31ஆம் வாரத்தில் பிரசவம். குழந்தையின் எடை 1400 கிராம். பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்து, 24ஆம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கொடுத்த சீட்டில், 30ஆம் நாளுக்குள் கண் பரிசோதனை என்று எழுதியிருந்தது. "விளக்கின் பக்கம் திரும்பிப் பார்க்கிறதே, பிறகென்ன? இந்தப் பனிக்காற்றில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலைவதா?" இப்படிச் சொன்னது வேறு யாருமல்லர், முதுகலை படித்த நானேதான்.

28ஆம் நாள் எடை பார்க்க வந்த கிராம சுகாதாரச் செவிலியர் சீட்டை வாங்கிப் படித்தார். "டீச்சரம்மா, நீங்களே இப்படிச் சொல்லலாமா?" என்றார். மறுநாளே சென்றோம். கண்ணுக்குள் இரத்தக் குழாய்கள் முறைதவறி வளரத் தொடங்கியிருந்தன. வாரந்தோறும் வரச் சொன்னார்கள். மூன்றாம் முறை சென்றபோது உடனே லேசர் சிகிச்சை செய்தார்கள். இன்று அவன் கண்ணாடி அணிந்து ஒன்றாம் வகுப்பில் படிக்கிறான்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் விழித்திரையில் இரத்தக் குழாய்கள் முழுமையாகப் படர்ந்திரா. பிறகு அவை தாறுமாறாக வளர்ந்தால் விழித்திரையே பிரிந்துவிடக்கூடும். வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு ஒன்றும் தெரியாது. ஆகவே 34 வாரத்திற்கு முன் பிறந்த, அல்லது 2000 கிராமுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு 30 நாட்களுக்குள் இச்சோதனை கட்டாயம். மிகச் சிறிய குழந்தைகளுக்கு இரண்டு மூன்று வாரங்களிலேயே வேண்டும். செவிச் சோதனையும் அப்படியே. குறை இருப்பின் மூன்று மாதத்திற்குள் உறுதிசெய்து, ஆறு மாதத்திற்குள் சிகிச்சை தொடங்க வேண்டும். பிறந்தவுடன் அழாத குழந்தை, வலிப்பு வந்த குழந்தை, கடுமையான மஞ்சள் காமாலை கண்ட குழந்தை, இவை நிறைமாதமாயினும் தொடர்ந்து கவனிக்கத்தக்கவை.

மீண்டும் செங்கீரைக்கு வருகிறேன். ஒன்பது வாரம் முந்திப் பிறந்தவனிடம் ஐந்தாம் மாதத்திலேயே செங்கீரையை எதிர்பார்த்தல் தவறு. அந்த ஒன்பது வாரத்தைக் கழித்தே வயதைக் கணக்கிட வேண்டும். இரண்டு வயது வரை மருத்துவர்கள் இவ்வாறே கணக்கிடுகின்றனர். ஆனால் கழித்த பிறகும் பருவம் தவறினால், "ஏழுமாதப் பிள்ளை, மெல்லத்தான் வரும்" என்று இருந்துவிடலாகாது. திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையத்தார் இதற்கென 17 செயல்கள் கொண்ட ஓர் அட்டவணை வகுத்துள்ளனர். குழந்தையின் வயதுக்கு நேராக ஒரு பென்சிலை நிறுத்தினால், அதற்கு இடப்புறம் முடிந்துவிடும் செயல்களையெல்லாம் குழந்தை செய்தாக வேண்டும். எந்தப் பாட்டியும் பார்க்கக்கூடிய கணக்கு.

2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ், வளர்ச்சி தாமதிக்கும் குழந்தைகளுக்கு மாவட்ட அளவில் இடையீட்டுச் சேவை மையங்கள் அமைந்தன. முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. புதுச்சேரி ஜிப்மரும் தொலைவில் இல்லை. சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. போய்வரும் செலவு உண்டு. சிற்றூரிலிருந்து கைக்குழந்தையோடு இரண்டு பேருந்து மாறி வரும் தாய்க்கு அன்றைய கூலியும் போகும். குழந்தை நன்றாயிருப்பதாகத் தோன்றும்போது அவள் வராமல் நின்றுவிடுவதில் வியப்பில்லை.

நம் நால்வகைத் தானங்களுள் ஔடத தானமும் ஒன்று. அதனை மருந்துப் புட்டியாகவே எண்ணிப் பழகிவிட்டோம். பேருந்துக் கட்டணமும், "நாளை கண் பரிசோதனை, மறவாதீர்கள்" என்னும் ஒரு தொலைபேசி அழைப்பும் அதில் அடங்கும் என்பது என் கருத்து. கட்டணத்தை அறக்கட்டளை ஏற்குமாயின், திண்டிவனம் வட்டாரத்திற்கு அழைக்கும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். காலை பத்து மணிக்குமேல் எனக்கு வேறு பணி இல்லை.