ஒரே டாலர், மூன்று தேதிகள்

(முதுகலை வணிகவியல் ஆசிரியர்களுக்கான மாவட்ட அளவிலான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



ஒரு மே மாத இரவில் என் பழைய மாணவி ஒருத்தி தொலைபேசியில் அழைத்தாள். கணக்குப்பதிவியலில் நூற்றுக்கு நூறு வாங்கியவள். இப்போது திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறாள்.

"சார், இருபதாயிரம் ரூபாய்க்கு மேல இடிக்குது. ரெண்டு நாளாத் தேடுறேன். பணம் எங்க போச்சுன்னு முதலாளி என்னைக் கேக்கிறாரு. அனாமத்துக் கணக்குல போட்டு வச்சிருக்கேன்" என்றாள். குரல் கம்மியிருந்தது.

விவரம் கேட்டேன். கரும்பலகைக்கு ஏற்றபடி முழு எண்களில் சொல்கிறேன். பிப்ரவரியில் அமெரிக்க வாடிக்கையாளருக்கு 10,000 டாலருக்கு இடாப்பு அனுப்பியிருக்கிறார்கள். அன்று ஒரு டாலர் 80 ரூபாய். விற்பனை 8,00,000 ரூபாய் என்று எழுதினாள். மார்ச் 31 அன்று டாலர் 81 ரூபாய். தணிக்கையாளர் சொன்னபடி அந்தப் பாக்கியை 8,10,000 ஆக மாற்றினாள். மே மாதம் பணம் வந்தது. அன்று வங்கி கொடுத்த விகிதம் 79 ரூபாய். கைக்கு வந்தது 7,90,000.

ஏட்டில் 8,10,000, வங்கியில் 7,90,000. அவள் பிழையைத் தேடினாள். இதில் பிழையே இல்லை என்பதுதான் விஷயம். வாடிக்கையாளர் 10,000 டாலரையும் முழுதாக அனுப்பிவிட்டார். டாலரின் ரூபாய் மதிப்புதான் இறங்கியிருந்தது.

"அனாமத்துக் கணக்கு பிழைக்கானதும்மா. இது நட்டம். அதற்குரிய பெயரிலேயே எழுது" என்று சொல்லி, பதிவைச் சொன்னேன்:

வங்கிக் கணக்கு – பற்று 7,90,000
செலாவணி மாற்று நட்டக் கணக்கு – பற்று 20,000
வாடிக்கையாளர் கணக்கு – வரவு 8,10,000

மார்ச்சில் 10,000 ரூபாய் ஆதாயம், மே மாதத்தில் 20,000 நட்டம். ஆக மொத்தம் 10,000 ரூபாய் நட்டம். முதல் ஆதாயம் சென்ற ஆண்டின் இலாப நட்டக் கணக்கிலும், நட்டம் இந்த ஆண்டிலும் சேரும். விற்பனைக் கணக்கு 8,00,000 என்றே நிற்கும், அதைத் தொடக்கூடாது. வங்கி பிடிக்கும் கட்டணம் இருந்தால் அது தனிச் செலவு; இதோடு கலக்கக்கூடாது. மறுநாள் மூன்று தேதிகளையும் ஒரு தாளில் எழுதி முதலாளியிடம் காட்டினாள். அவரும் புரிந்துகொண்டார்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவளுக்கு நூறு மதிப்பெண் போட்டு அனுப்பியவர்கள் நாம். கணக்கு ஒத்துப்போகவில்லை என்றால் அனாமத்து என்று பழக்கியவர்களும் நாம்தான். ஆனால் நம் வகுப்பில் எல்லாக் கணக்குகளும் ரூபாயிலேயே தொடங்கி ரூபாயிலேயே முடிந்துவிடுகின்றன.

அதன்பிறகு மேல்நிலை வகுப்பில் ஒரு பாடவேளையை இதற்கென ஒதுக்குகிறேன். பணமதிப்பீட்டுக் கருத்தை நடத்தும்போதே இதைச் சேர்த்துவிடலாம். "எந்தப் பணத்தில் மதிப்பிடுவது, எந்தத் தேதியில்?" என்று கேட்டால் போதும். வளைகுடா நாடுகளில் தந்தை வேலை பார்க்கும் பிள்ளைகள் உடனே கை தூக்குவார்கள். "டாலர் ஏறினா திர்ஹாமும் ஏறும் சார், அப்பா அப்பத்தான் அனுப்புவார்" என்றான் ஒருவன். திர்ஹாம் டாலரோடு நிலையான விகிதத்தில் பிணைக்கப்பட்டிருப்பதை அவன் வீட்டிலேயே கற்றிருக்கிறான்.

பிறகு கரும்பலகையில் மூன்று கட்டங்கள் போடுவேன்: இடாப்பு நாள், ஆண்டிறுதி நாள், பணம் வந்த நாள். நாளிதழில் வரும் விகிதத்தை மாணவர்களே குறித்து வந்து நிரப்புவார்கள்.

இரண்டாவதாக ஒரு கேள்வி. ஜெர்மனியிலிருந்து யூரோவில் இயந்திரம் கடனுக்கு வாங்கினால், ஆண்டிறுதியில் எதை மாற்றி எழுதுவது? பெரும்பாலோர் இரண்டையும் என்பார்கள். கொடுக்க வேண்டிய யூரோ கடன் மட்டுமே அன்றைய விகிதத்துக்கு மாறும். இயந்திரம் பொதுவாக வாங்கிய நாளின் விகிதத்திலேயே நிற்கும். அதன் மீதுதான் தேய்மானம். வெளிநாட்டுப் பணமாகவே வரவேண்டியதும் தரவேண்டியதும் மாறும், பொருள் மாறாது. கணக்கியல் தரநிலை 11-உம், பெரிய நிறுவனங்களுக்கான இந்தியக் கணக்கியல் தரநிலை 21-உம் சொல்வதன் சாரம் இதுதான்.

டேலியில் நாணயத்தையும் விகிதத்தையும் கொடுத்தால் அது பெருக்கித் தந்துவிடும். எந்தத் தேதியின் விகிதம் என்பதைப் பிள்ளைதான் கொடுக்க வேண்டும்.

இது தேர்வுக்கு வராதே என்று சிலர் கேட்கலாம். வராது. ஆனால் நம்மிடம் படிக்கும் பிள்ளைகளில் பலர் முதல் வேலைக்குப் போவது திருப்பூருக்கும் கரூருக்கும்தான். அங்கே யாராவது "பணம் எங்கே?" என்று கேட்கும்போது, நம் பிள்ளை தலை குனியாமல் ஏட்டைத் திறந்து காட்ட வேண்டும். அதற்காக ஆண்டுக்கு ஒரு பாடவேளை ஒதுக்குங்கள் என்று கேட்டு அமர்கிறேன்.