ஆறு சென் சுஷி



இலக்கிய நிகழ்ச்சியில் சாப்பாட்டுக் கடையைப் பற்றி என்ன பேச்சு என்று நீங்கள் எண்ணக்கூடும். ஒரு சிறுகதைதான் என்னை அங்கே கொண்டுபோய் விட்டது.

சுஷி என்பது யப்பானியரின் உணவு. வினாகிரி கலந்த சோற்றைச் சிறிதாகப் பிடித்து, அதன்மேல் மீன் துண்டொன்றை வைத்துக் கொடுப்பார்கள். நட்சத்திர ஹோட்டல்களின் விலைப்பட்டியலில் அதன் பெயரைக் கண்ட நமக்கு அது செல்வந்தர் வீட்டுப் பண்டமாகவே தோன்றும். ஆனால், ரோக்கியோவுக்கு எடோ என்று பெயர் இருந்த பத்தொன்பதாம் நூற்றாண்டில், அது தெருவோரத் தட்டிக் கடைகளில் நின்றபடி உண்ணும் எளிய உணவு. வேலையாள் வருவான், இரண்டு மூன்றை வாயில் போட்டுக்கொண்டு தன் வழியே போவான். நம் தேநீர்க் கடை வடை போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஷிகா நயோயா என்ற யப்பானிய எழுத்தாளர் 1920 இல் எழுதிய கதையொன்றை ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்தேன். தராசுக் கடையொன்றில் எடுபிடி வேலை செய்யும் சென்கிச்சி என்ற சிறுவன், பெரியவர்கள் சுஷியின் சுவையைப் பேசக் கேட்டு ஏங்குகிறான். ஒருநாள் திரும்பும் வழியை நடந்தே கடந்து, ட்ராம் வண்டிக் காசில் நான்கு சென் மிச்சம் பிடிக்கிறான். தெருக்கடைக்குள் துணிந்து நுழைந்து ஒரு சுஷியைக் கையில் எடுத்தும் விடுகிறான். விலை ஆறு சென் என்கிறார் கடைக்காரர். பையன் பேசாமல் அதைத் திரும்ப வைத்துவிட்டு வெளியேறுகிறான். தொட்டதை வைத்தால் யாருக்கு விற்பது என்று முணுமுணுத்த கடைக்காரர், அதைத் தம் வாயிலேயே போட்டுக்கொள்கிறார்.

இரண்டு சென் குறைவு, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கை பின்வாங்கும் இடத்தைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டேன்.

இந்தக் கதை வந்து ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளின் பின், 1958 இல், ஒசாக்காவுக்கு அருகே ஷிராய்ஷி யோஷியாக்கி என்பவர் புதுவிதமான கடையொன்றைத் திறந்தார். பியர் தொழிற்சாலையில் போத்தல்கள் நகரும் பட்டியில் வரிசையாகச் செல்வதைக் கண்டு, சுஷித் தட்டுகளையும் அப்படியே ஓடவிட்டால் என்ன என்று நினைத்தவர் அவர். பரிமாறும் ஆட்செலவு குறைந்தது, விலையும் குறைந்தது. 1970 இல் ஒசாக்காவில் நடந்த உலகக் கண்காட்சியில் இதைக் கண்டவர்கள் பலர். பின்னர் நாடெங்கும் இத்தகைய கடைகள் பெருகின. குடும்பங்கள் பிள்ளைகளோடு போயின. தட்டு நூறு யென் என்பது நெடுங்காலம் பேர்பெற்ற விலையாக இருந்தது. 2022 இல் பெரிய நிறுவனங்கள் சில அதைக் கைவிட்டன.

இவற்றில் என்னைக் கவர்ந்தது வேறொன்று. பல கடைகளில் தட்டின் நிறமே விலையைச் சொல்லிவிடும். உண்டு முடிந்ததும் வெறுந் தட்டுகளை எண்ணிக் காசு கொடுத்தால் போதும். எடுத்த தட்டைத் திரும்ப வைக்கலாகாது என்ற வழக்கம் அங்கும் உண்டு. ஆனால் கை நீளுமுன்னரே கண் விலையை அறிந்துவிடுகிறது. யாரிடமும் கேட்கத் தேவையில்லை, யாரும் உரத்துச் சொல்லப் போவதுமில்லை. சென்கிச்சிக்கு இப்படியொரு கடை வாய்த்திருந்தால் அந்தக் கதையே பிறந்திராது.

கதை அத்தோடு முடியவில்லை. நடந்ததைப் பார்த்திருந்த பிரபு ஒருவர், பின்னொருநாள் தற்செயலாக அப்பையனைச் சந்தித்து, தம்மை யாரென்று காட்டிக்கொள்ளாமல், சுஷிக் கடையொன்றில் வயிறார உண்ண வைக்கிறார். பையன் அவரைத் தெய்வமென்றே நம்புகிறான். கொடுத்தவருக்கோ மகிழ்ச்சி வரவில்லை. இனந்தெரியாத ஒரு வெறுமை. தராசுக் கடைப் பக்கம் போகவே அவருக்குக் கூச்சமாகிவிடுகிறது.

முதல் வாசிப்பில் இது எனக்கு விளங்கவில்லை. நல்லது செய்தவனுக்கு என்ன கூச்சம் என்று நினைத்தேன். பிறகொருநாள், கல்லூரிக்கு அருகேயுள்ள தேநீர்க் கடையில், என் மாணவன் ஒருவன் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் சில்லறையை எண்ணிக்கொண்டு நின்றான். "தம்பி, நீ எடுத்துச் சாப்பிடு" என்று சொல்லி நானே காசைக் கொடுத்தேன். சுற்றி நின்ற நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவன் ஒரு வடையை எடுத்தான், சாப்பிடவில்லை. "நன்றி சேர்" என்று தாளில் சுற்றிக்கொண்டு போய்விட்டான்.

அதன்பின் அவனை அந்தக் கடையில் நான் கண்டதில்லை. வகுப்பில் வழக்கம்போல் இருக்கிறான், கேட்டால் விடை சொல்கிறான். நானும் இப்போது வேறு கடையில்தான் தேநீர் குடிக்கிறேன்.