மரம் இறக்க வந்த மலை ரயில்



ரயில் என்றதும் நம் நினைவுக்கு வருவது ஆட்களை ஏற்றிக்கொண்டு ஊருக்கு ஊர் போகும் வண்டிதான். ஆனால், உலகில் பல ரயில் பாதைகள் முதலில் மனிதருக்காகப் போடப்பட்டவை அல்ல. ஈயத்தை இறக்க, நிலக்கரியை இறக்க, கரும்பை ஆலைக்குக் கொண்டுபோக என்று, ஏதோ ஒரு சரக்குக்காகவே அவை பிறந்தன. செம்பனைக் குலைகளை ஆலைக்குக் கொண்டு சேர்க்கச் சில தோட்டங்களில் சின்னத் தண்டவாளம் போட்டு வண்டி ஓட்டியதை நம்மில் பெரியவர்கள் அறிவார்கள். அப்படி ஒரே ஒரு சரக்குக்காக, காட்டு மரத்துக்காக, ஒரு பெரிய மலைமேல் போடப்பட்ட ரயில் பாதையின் கதையை இன்று கேட்போம். அது தைவான் நாட்டில் உள்ள அலிசான் மலை ரயில்.

தைவான் என்பது சீனாவின் தென்கிழக்கே கடலில் உள்ள ஒரு தீவு. 1895-ஆம் ஆண்டிலிருந்து 1945 வரை அது ஜப்பானியரின் ஆட்சியில் இருந்தது. தீவின் நடுவே வடக்கு தெற்காக உயர்ந்த மலைகள் நிற்கின்றன. அவற்றில் ஒன்றுதான் அலிசான். அந்தப் பகுதியில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் மலைமக்கள் ட்சோ இனத்தவர். வேட்டையும் காட்டுச் சாகுபடியும் அவர்களுடைய வாழ்க்கை. காட்டுக்குள் அவர்கள் நடந்துபோன ஒற்றையடிப் பாதைகளைத் தவிர வேறு பாதை அங்கே இல்லை.

1899-ஆம் ஆண்டையொட்டி ஜப்பானிய அதிகாரிகள் அந்த மலைக்கு ஏறிப்போனார்கள். அங்கே அவர்கள் கண்டது சைப்ரஸ் இனத்தைச் சேர்ந்த மாபெரும் மரங்கள். ஆயிரம் வயது, இரண்டாயிரம் வயது என்று சொல்லத்தக்க மரங்கள் காடாக நின்றன. இந்த மரத்தைக் கரையான் எளிதில் அரிப்பதில்லை. ஈரத்திலும் அது சீக்கிரம் உளுத்துப்போவதில்லை. அறுத்தால் நல்ல மணம் வீசும். ஜப்பானில் கோயில் கட்டவும் அரண்மனை கட்டவும் இதே இனத்து மரத்தைத்தான் உயர்வாக மதிப்பார்கள். ஆகவே, அந்தக் காட்டைக் கண்டவர்களுக்குப் புதையலைக் கண்டது போல் ஆகிவிட்டது.

சரி, மரம் இருக்கிறது. அதைக் கீழே கொண்டுவருவது எப்படி? மரம் நிற்பதோ கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கும் மேலே. சந்தை இருப்பதோ அடிவாரத்துச் சமவெளியில் உள்ள சியாயி நகரில். இடையே செங்குத்தான சரிவுகளும் பள்ளத்தாக்குகளும் ஆறுகளும் உள்ளன. ஆற்றில் மிதக்கவிடலாம் என்றால் பாறையில் மோதி மரம் சிதறிவிடும். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் காட்டியல் பேராசிரியராக இருந்த கவாய் ஷிதாரோ என்பவர் அந்த மலையை ஆராய்ந்து, ரயில் பாதை ஒன்றே வழி என்று எடுத்துரைத்தார்.

1906-ஆம் ஆண்டில் புஜித்தா என்னும் ஜப்பானியத் தனியார் நிறுவனம் வேலையைத் தொடங்கியது. மலை அவர்கள் நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது. செலவும் மதிப்பீட்டை மீறி ஏறியது. 1908-இல் அந்த நிறுவனம் வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டது. பிறகு 1910-இல் அரசாங்கமே பொறுப்பேற்று மீண்டும் தொடங்கியது. 1912-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 25-ஆம் நாள், சியாயியிலிருந்து எர்வான்பிங் என்னும் இடம்வரை ஏறத்தாழ 66 கிலோமீட்டர் பாதை திறக்கப்பட்டது. 1914-இல் அது மேலும் உயரே, மரம் வெட்டும் இடத்துக்கே சென்று சேர்ந்தது.

நேயர்களே, இந்தப் பாதையின் அருமை எதில் இருக்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம். சியாயி நகரம் கடல் மட்டத்திலிருந்து 30 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அலிசான் நிலையமோ 2,216 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே பாதையின் நீளம் 71 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். பொதுவாக ரயில் பாதையில் 100 அடி தூரம் போனால் ஓர் அடி உயரம் ஏறுவதே பெரிய ஏற்றமாகக் கருதப்படும். இங்கே சில இடங்களில் 16 அடிக்கு ஓர் அடி ஏற வேண்டும். மலாயா ரயில்வேயில் இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே உள்ள அகலம் ஒரு மீட்டர். அலிசான் பாதையின் அகலமோ 762 மில்லிமீட்டர், அதாவது இரண்டரை அடிதான். பாதை குறுகலாக இருந்தால் வளைவுகளை நெருக்கமாக வளைக்கலாம். மலையைக் குடையும் வேலையும் குறையும்.

அப்படியும் ஓரிடத்தில் மலை நேரே எழுந்து நின்று வழியை அடைத்தது. துலிசான் என்னும் அந்த மலையை எப்படி ஏறினார்கள் தெரியுமா? திருகாணியின் புரியைப் பார்த்திருப்பீர்கள். அதுபோல மலையையே மூன்று சுற்றுச் சுற்றி, கடைசியில் எட்டு என்ற எண்ணைப் போல் ஒரு வளைவும் போட்டு, ரயில் மேலே வருகிறது. கீழே விட்டுவந்த நிலையத்தைப் பயணி மீண்டும் மீண்டும் காண்பார். ஒவ்வொரு தடவையும் அது இன்னும் சிறியதாக, இன்னும் ஆழத்தில் தெரியும்.

இன்னும் மேலே போனால் சுற்றுவதற்கும் இடமில்லை. அங்கே வேறொரு முறையைக் கையாண்டார்கள். ரயில் சரிவில் ஏறி ஒரு முட்டுச்சந்தில் போய் நிற்கும். பாதைமாற்றியைத் திருப்பியதும், வந்த திசைக்கு எதிராகப் பின்னோக்கி ஏறும். அடுத்த முனையில் நின்று மறுபடியும் முன்னோக்கி ஏறும். செங்குத்தான குன்றில் ஏறும் மனிதர் நேராக ஏறாமல், இப்படியும் அப்படியும் குறுக்கே நடந்து ஏறுவார் அல்லவா? அதே தந்திரம்தான்.

பாதை இருந்தால் போதுமா? அந்த ஏற்றத்தில் சாதாரண இஞ்சின் ஓடாது. அதன் சக்கரங்கள் வழுக்கிவிடும். இதற்கு விடை அமெரிக்காவிலிருந்து வந்தது. மிச்சிகன் மாநிலத்தில் ஈஃப்ராயிம் ஷே என்னும் மரவியாபாரி இருந்தார். தம்முடைய காட்டிலிருந்து மரத்தை மலிவாக இறக்கவேண்டும் என்பதற்காக அவர் ஒரு புதுவகை இஞ்சினை அமைத்து, 1881-இல் அதற்கு உரிமமும் பெற்றார். சாதாரண இஞ்சினில் உருளைகள் படுத்திருக்கும். ஷே இஞ்சினில் அவை வலப்பக்கத்தில் நெட்டாக நிற்கும். அவை ஒரு நீண்ட தண்டைச் சுழற்றும். அந்தத் தண்டு பல்சக்கரங்களின் மூலம் இஞ்சினின் எல்லாச் சக்கரங்களையும் ஒருசேரத் திருப்பும். ஒரு சக்கரம்கூடச் சும்மா உருளுவதில்லை. ஒவ்வொன்றும் தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு ஏறும். வலப்பக்கம் உருளைகளின் பாரம் இருப்பதால், எடை சமமாக இருக்கும்பொருட்டுக் கொதிகலனை இடப்பக்கமாகத் தள்ளி வைத்திருப்பார்கள். வேகம் குறைவுதான்; ஆனால், பிடி விடாது. ஒஹாயோ மாநிலத்து லைமா தொழிற்சாலையில் செய்த 18 டன், 28 டன் இஞ்சின்கள் கப்பலேறி அலிசானுக்கு வந்தன.

இன்னொரு நுட்பமும் உண்டு. மலைச்சரிவில் இஞ்சின் பெரும்பாலும் வண்டியின் கீழ்ப்பக்கத்தில்தான் இருக்கும். மேலே ஏறும்போது பின்னாலிருந்து தள்ளும். கீழே இறங்கும்போது முன்னாலிருந்து தாங்கும். ஏன்? சரிவில் இணைப்புக் கொக்கி அறுந்துவிட்டால், பாரம் ஏற்றிய பெட்டிகள் தாமாகவே உருண்டோடிப் பள்ளத்தில் விழும். கீழே இஞ்சின் நின்றால் அது அணைபோலத் தடுக்கும். பாரம் சுமப்பவர்களின் பாதுகாப்புக்காக யோசித்து வைத்த ஏற்பாடு இது.

காட்டில் மரம் வெட்டியவர்கள் கோடரியையும் இழுப்பு வாளையும் நம்பியே வேலை செய்தார்கள். பத்துப் பேர் கைகோத்தாலும் சுற்ற முடியாத மரத்தை, அது எந்தப் பக்கம் சாயும் என்று கணித்து வெட்டவேண்டும். கணக்குத் தப்பினால் உயிருக்கு ஆபத்து. விழுந்த மரத்தைத் துண்டாக்கி, நீராவி இயந்திரத்தில் பூட்டிய இரும்பு வடத்தால் சரிவில் இழுத்து, ரயில் வண்டியில் ஏற்றினார்கள். மரம் குறையக் குறையக் காட்டின் உள்ளே புதுப்புதுக் கிளைப்பாதைகள் நீண்டுகொண்டே போயின.

சியாயி நகரில் பெரிய அறுவை ஆலை ஒன்று அமைந்தது. இறங்கி வந்த மரங்களைக் குளத்து நீரில் போட்டுவைத்து, வேண்டும்போது எடுத்து அறுப்பார்கள். ஆலைக்கு வேண்டிய மின்சாரத்தை மரத்தூளையும் கழிவுத் துண்டுகளையும் எரித்தே எடுத்தார்கள். அந்த நகரம் மர நகரம் என்றே பெயர் பெற்றது. மரக்கடையும் தச்சுப்பட்டறையும் பலருக்குச் சோறு போட்டன. ஆனால், மிகச் சிறந்த மரங்கள் கப்பலேறி ஜப்பானுக்குப் போயின. டோக்கியோவில் உள்ள மெய்ஜி ஆலயத்தின் பெரிய மரத் தோரணவாயில் 1920-இல் தைவான் சைப்ரஸ் மரத்தால்தான் எழுப்பப்பட்டது. காடு யாருடைய வாழ்விடமோ அந்த ட்சோ மக்களைக் கேட்டு இவை நடக்கவில்லை.

ஆயிரம் ஆண்டு வளர்ந்த மரத்தை வீழ்த்தச் சில மணி நேரம் போதும். வெட்டியவர்களின் மனத்திலும் இது உறுத்தியிருக்க வேண்டும். 1930-களின் நடுவில் ஜப்பானியர் அந்தக் காட்டிலேயே, வெட்டுண்ட மரங்களின் ஆவி அமைதி பெறவேண்டும் என்று ஒரு கல்தூண் எழுப்பினார்கள். இன்றும் அது அங்கே நிற்கிறது. தூண் எழுப்பியபின் வெட்டுவது நிற்கவில்லை என்பதையும் நாம் கவனிக்க வேண்டும்.

1945-இல் ஜப்பானியர் ஆட்சி முடிந்தது. அதற்குப் பிறகும் மரம் இறங்கிக்கொண்டுதான் இருந்தது. 1963-ஆம் ஆண்டில், வெட்டத்தக்க பெருமரங்கள் தீர்ந்துபோன நிலையில், அலிசானில் மரம் வெட்டும் தொழில் முடிவுக்கு வந்தது. அரை நூற்றாண்டில் அந்தப் பெருங்காடு இறங்கிப் போய்விட்டது. 1991-இல் தைவான் அரசாங்கம் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதையே தடை செய்தது.

மரம் இல்லை, இனி அந்த ரயில் எதற்கு? உலகில் இப்படிப் பிறந்த பல பாதைகளின் தண்டவாளங்களைப் பெயர்த்துப் பழைய இரும்பாக விற்றுவிட்டார்கள். அலிசான் பாதை பிழைத்தது. மலையில் வழிநெடுக ஊர்கள் உண்டாகியிருந்தன. அரிசியும் உப்பும் மேலே போக, மூங்கிலும் காய்கறியும் கீழே வர, பள்ளிப் பிள்ளைகளும் நோயாளிகளும் போய்வர, அந்த ரயிலே துணையாக இருந்தது. நடுவழியில் உள்ள ஃபென்சிஹு நிலையத்தில் வண்டி நிற்கும் நேரத்தில் விற்கப்பட்ட சோற்றுப் பொட்டலம் இன்றும் அந்த நாட்டில் பெயர்பெற்றது. நீராவி இஞ்சினின் இடத்தில் டீசல் இஞ்சின் வந்தது. 1982-இல் மலைக்குத் தார்ச் சாலை திறந்ததும் ஊரார் பலர் பேருந்துக்கு மாறினார்கள். அப்போது ரயிலுக்கு இன்னொரு வேலை கிடைத்தது. மலை உச்சியில் சூரியன் உதிப்பதையும் மேகம் கடல்போல் பரந்து கிடப்பதையும் காண மக்கள் திரண்டு வந்தார்கள். 1986-இல் சூரிய உதயம் காண்பதற்காகவே 2,451 மீட்டர் உயரத்தில் ஒரு நிலையம் அமைந்தது. மரத்தை இறக்க வந்த ரயில், எஞ்சிய மரத்தைப் பார்க்க ஆட்களை ஏற்றிச்செல்லும் ரயிலாயிற்று!

ஆனால், மலை தன் கணக்கைத் தீர்க்காமல் விடுவதில்லை. பாதையின் அருகே நின்ற, மூவாயிரம் வயது என்று சொல்லப்பட்ட தெய்வமரம் 1956-இல் இடி விழுந்து பட்டுப்போயிற்று. 1997-இல் அது பாதியாகப் பிளந்து விழ, மறு ஆண்டில் எஞ்சியதையும் கீழே சாய்த்தார்கள். 1999-இன் நிலநடுக்கம் ஒரு கிளைப்பாதையைச் சிதைத்தது. 2009-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் மொராக்கோட் சூறாவளி வந்தபோது, அலிசானில் சில நாட்களில் 2,800 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. கோலாலம்பூரில் ஏறத்தாழ ஓராண்டு முழுவதும் பெய்யும் மழை அது. மலை சரிந்து, பாதை பல இடங்களில் அறுந்தது. 2011-இல் மரக்கிளை விழுந்து பெட்டிகள் கவிழ்ந்ததில் ஐந்து பேர் உயிரிழந்தார்கள். பாதை முழுவதையும் மறுபடி இணைக்க ஒரு கிலோமீட்டருக்கும் நீளமான புதிய சுரங்கம் ஒன்றைக் குடையவேண்டியிருந்தது. கடைசியில் 2024-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 6-ஆம் நாள், பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, அடிவாரத்திலிருந்து அலிசான்வரை ரயில் மீண்டும் ஓடியது.

நேயர்களே, இந்தக் கதையில் நமக்கு என்ன இருக்கிறது? ஒரே பொருளை நம்பி உண்டான பாதையும் ஊரும், அந்தப் பொருள் தீர்ந்தாலோ விலை விழுந்தாலோ ஆட்டம் காணும். ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது நம் தோட்டங்களில் எத்தனை குடும்பங்கள் இதை உணர்ந்தன! அலிசான் பாதை பிழைத்ததற்குத் தண்டவாளம் மட்டும் காரணமல்ல. இஞ்சினைப் பழுது பார்க்கவும், சுரங்கத்தைச் செப்பனிடவும், சரிந்த கரையைக் கட்டவும் தெரிந்தவர்கள் அங்கே இருந்தார்கள். வேலை மாறியபோது அந்தக் கைத்திறன் மாறிய வேலைக்கும் உதவியது. நம் பிள்ளைகளுக்குக் கல்வியோடு ஒரு தொழில் நுட்பமும் தேவை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். மலையில் ரயில் பாதை ஒன்றே வழி என்று எடுத்துரைத்த பேராசிரியருக்கும் காட்டின் மரங்களுக்கும் நினைவுக்கல் இருக்கிறது. கல் உடைத்தவர்கள், கட்டை சுமந்தவர்கள், வடம் இழுத்தவர்களில் பெரும்பாலோரின் பெயரை நாம் அறியோம். உங்கள் வீட்டில் வயதான தாத்தாவோ பாட்டியோ இருந்தால், அவர்கள் தோட்டத்தில் எந்தப் பாதையைப் போட்டார்கள், எந்தப் பாலத்துக்குக் கல் சுமந்தார்கள், யாரோடு சேர்ந்து வேலை செய்தார்கள் என்று கேளுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை அதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியோடு எழுதி வைக்கட்டும். நாளைக்கு நம் வரலாற்றை எழுதப்போகிறவர்களுக்கு அந்த நோட்டுப் புத்தகம் உதவும்.